பதினாலாவது கேள்வி

உரலை வேலிக்கரைக்கு உருட்டிக்கொண்டுபோய், பனையோலை வேலியைப் பார்த்து நின்றுதான் கமலாக்கா மா இடிப்பார். பின்னால் முற்றம் பரந்து கிடக்கிறது. வேப்பமர நிழலும் காற்றும் அங்கேதான். அதையெல்லாம் விட்டுவிட்டு, கோழிக்கூட்டுக்கும் வேலிக்கும் நடுவில் ஒரு பாய் அகலமே உள்ள மூலையில் நின்று, இடக்கையால் உலக்கையைத் தூக்கித் தூக்கிப் போடுவார். வலக்கை இடுப்பில் இருக்கும். படலையில் நின்று யாராவது, "கமலா, மா இருக்கோ?" என்று கேட்டால் திரும்பாமலே பதில் வரும். "நாளைக்கு வாங்கோ. இண்டைக்கு மிளகாய்."

மிளகாய் என்றால் அன்று ஒழுங்கை முழுக்கத் தும்மும். நான் பக்கத்து வளவில் ஓர் அறை வாடகைக்கு எடுத்து இருக்கிறவள். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். சனிக்கிழமைகளில் கொப்பி திருத்த உட்கார்ந்தால் அந்தத் தூள் யன்னலால் வந்து மூக்கில் ஏறும். வந்த புதிதில் ஒருநாள் சண்டைக்கே போனேன். "தும்மினா நல்லது ரீச்சர். தலைப்பாரம் இறங்கும்," என்று சொல்லி ஒரு பேணி தூளைக் கையில் தந்து அனுப்பிவிட்டார். அந்தத் தூளில் வைத்த குழம்பைச் சாப்பிட்ட பிறகு எனக்குச் சண்டை பிடிக்க வாய் வரவில்லை.

இது 1993. யுத்தத்தால் கரண்ட் போய் மூன்று வருசம். அரியாலைப் பக்கத்து மில்லெல்லாம் படுத்துவிட்டன. ஒன்றிரண்டு மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடுகின்றன. ஆகவே சனம் திரும்பவும் உலக்கைக்கு வந்திருக்கிறது. உலக்கை பிடிக்கத் தெரியாத என்னைப் போன்ற சோம்பேறிகள் கமலாக்காவிடம் வருகிறோம்.

அவருக்கு வயது நாற்பத்தெட்டு. நெட்டை, ஒல்லி. முழங்கை வரை எப்போதும் மா அப்பியிருக்கும். அரிசியை ஊறவைத்து, வடித்து, இடித்து, அரித்து, தாச்சியில் வறுத்து, பிறகு மறுபடி அரிப்பார். அரிதட்டில் முதலில் விழுகிற மா இடியப்பத்துக்கு. இரண்டாம் அரிப்பு புட்டுக்கு. கடைசியில் தட்டில் மிஞ்சிக் கிடக்கிற குறுணிக்குக் கப்பி என்று பெயர். உலகத்தில் உள்ள அத்தனையையும் அவர் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் போடுவார். புதிதாக வந்த கிராமசேவகர் எப்படி என்று ஒருமுறை கேட்டேன். "இரண்டாம் அரிப்பு," என்றார். "ரீச்சர் ஆள் முதலாம் அரிப்பு. ரீச்சர் காய்ச்சுற சோறு கப்பி."

இன்னொரு குணமும் உண்டு. எதையும் பார்க்காமல் சொல்லமாட்டார், சொல்லவும் விடமாட்டார். மாவை வாங்கிக்கொண்டு, "உங்கடை மாவைப் பற்றித் தெரியாதே அக்கா, நல்லாத்தான் இருக்கும்," என்று முகத்துக்காகச் சொன்னால் கோபம் வரும். "திறந்து பாத்துப்போட்டுச் சொல்லுங்கோ. பாக்காமல் சொல்லுறது பொய்யெல்லோ?" மாவில் என்ன பொய், மெய் என்று நான் சிரித்ததுண்டு. அவர் சிரிக்கமாட்டார்.

மா இடிப்பது தனியாள் வேலை இல்லை. ஓர் உரலுக்கு இரண்டு உலக்கை. இரண்டு பெண்கள் எதிரும் புதிருமாக நின்று, ஒருத்தி தூக்க மற்றவள் போட, மற்றவள் தூக்க இவள் போட, அப்படியே மாமியார் கதை, மருமகள் கதை, கலியாணக் கதை எல்லாம் அந்த உரலுக்கு மேலே நடக்கும். வேலை பாதி, கதை பாதி. இப்படியொரு வாய்க்காரி ஏன் வேலியோடு கதைத்துக்கொண்டு தனியே இடிக்கிறார் என்று எனக்கு ஒரே யோசினை. நான் கேட்டேவிட்டேன்.

"ரீச்சர், என்ரை வலப்பக்கத்து நெஞ்சு முதுகாலை செய்தது," என்றார், ஏதோ கூரை கிடுகால் வேய்ந்தது என்பதுபோல.

எண்பத்தைந்தில் புருசனும் பெண்சாதியுமாகப் படகேறி இராமேசுவரத்துக்குப் போனவர்கள். மண்டபம் முகாமில் ஓலைக்குடில். அடுத்த வருசம் குளிக்கும்போது வலப்பக்கத்தில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. முகாமுக்கு வந்துபோன தாதி ஒருத்தி மட்றாசுக்கு அனுப்பிவைத்தார். அங்கே பெரிய ஆசுபத்திரி ஒன்றில், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த இளம் டொக்டர் ஒருவர், முழுவதையும் எடுக்கத்தான் வேண்டும், ஆனால் விரும்பினால் முதுகுச் சதையிலிருந்து புதிதாக ஒன்று செய்து வைக்கலாம் என்று சொன்னாராம். முதுகில் ஒரு துண்டுத் தோலும் அதோடு சேர்ந்த சதையும், இரத்த ஓட்டம் அறாமல் கக்கத்துக்குக் கீழால் முன்பக்கம் திருப்பி வைப்பது. "பதியம் வைக்கிற மாதிரி எண்டு வடிவா விளங்கப்படுத்தினவர். நான் தோட்டக்காரரின்ரை பிள்ளையெல்லோ, உடனை பிடிபட்டுது."

"ஏன் அக்கா சம்மதிச்சனீங்கள்?"

"வீட்டை விட்டிட்டு வந்தன். வளவை விட்டிட்டு வந்தன். பத்துக் கோழியை விட்டிட்டு வந்தன். இதையும் அந்நிய ஊரிலை விட்டிட்டுப் போறதோ எண்டு மனம் கேக்கேல்லை."

டொக்டர் இன்னொரு சின்ன வேலை மிச்சமிருக்கிறது, ஆறு மாதம் கழித்து வாருங்கள், முலைக்காம்பு மாதிரி ஒன்று செய்து முடித்துவிடலாம் என்றிருக்கிறார். அது தள்ளித் தள்ளிப் போய், எண்பத்தெட்டுத் தொடக்கத்தில் அகதிகளை ஏற்றிக்கொண்டு காங்கேசன்துறைக்குக் கப்பல் புறப்பட இருந்தது. கமலாக்கா ஊருக்கு வருவதா, வேலையை முடிப்பதா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டுக் கப்பலேறினார்.

ஊருக்கு வந்த கிழமையே பழைய உரலை உருட்டி எடுத்து, பழைய கூட்டாளி நாகேஸ்வரியைக் கூப்பிட்டிருக்கிறார். நாலு போடுதான். வலக்கையால் உலக்கையை இறக்கும்போது சட்டைக்குள் புது மார்பு ஒரு துள்ளுத் துள்ளியது. முதுகில் இருந்தபோது கையை இழுத்து இறக்குவதுதானே அந்தச் சதையின் வேலை. இடம் மாறிய பிறகும் அது தன் வேலையை விடவில்லை. நாகேஸ்வரி அதைக் கண்டார். கண்டதும் கண் அங்கேயே நின்றுவிட்டது, தாளம் தவறியது, இரண்டு உலக்கையும் ஒன்றோடொன்று அடிபட்டு ஒன்று நாகேஸ்வரியின் கால் பெருவிரலில் விழுந்தது. நகம் போய்விட்டது. அதன் பிறகு நாகேஸ்வரிக்கு ஒவ்வொரு நாளும் ஒவ்வோர் அலுவல்.

"அவளைக் குறை சொல்லேலாது. முன்னாலை நிண்டு இடிக்கிறவளின்ரை கண் எங்கை போகும், சொல்லுங்கோ? தவளை மாதிரித் துள்ளினா நானே பாப்பன்." அதற்குப் பிறகுதான் இடக்கைப் பழக்கமும் வேலிக்கரையும்.

அவர் இதையெல்லாம் அழுது சொல்லவில்லை. மாவை அரித்துக்கொண்டே சொன்னார். ஒரே ஓர் இடத்தில் மட்டும் அரிதட்டு நின்றது. செத்தவீட்டைப் பற்றிச் சொல்லும்போது.

எங்கள் ஊர்ச் செத்தவீட்டில், போகிற பெண்கள் அங்கிருக்கிறவர்களைக் கட்டிப்பிடித்து, தோளில் தலைவைத்து, நெஞ்சோடு நெஞ்சாக அழவேண்டும். சொந்தமோ பிறத்தியோ, கட்டிப்பிடிக்காமல் வந்தால் மரியாதை இல்லை. கமலாக்காவை மட்டும் பெண்கள் இடப்பக்கத்தால்தான் பிடிக்கிறார்களாம். வலப்பக்கத்துக்கு ஒரு சாண் இடைவெளி விட்டு, உடைந்துபோகிற சாமானைத் தொடுவதுபோல. சிலருக்கு நோகுமோ என்ற இரக்கம். சிலருக்கு ஒட்டிவிடுமோ என்ற பயம். ஊரில் பெரும்பாலானவர்களுடைய முடிவு, கமலா உள்ளே பஞ்சு அடைத்து வைத்திருக்கிறாள், இறுக்கிப் பிடித்தால் பிதுங்கிவிடும் என்பது. "என்ரை தாய் செத்தண்டைக்கும் என்னை அரைவாசியாத்தான் கட்டிப் பிடிச்சவை ரீச்சர்."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த என் கையில் தேத்தண்ணி ஆறிப்போயிற்று.

புருசன் தில்லைநாதன் கிளிநொச்சிப் பக்கம் நெல்வயல் காவலுக்குப் போய்விட்டார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிளாலிக் கடலால் வருவார், அரை மூட்டை நெல்லரிசியோடு. அரிசிக்குள்ளே புதைத்து, வவுனியாவால் வந்த ஒரு சவர்க்காரக் கட்டியும் கொண்டுவருவார். தடையால் சாமான் வராத இந்தக் காலத்தில் சவர்க்காரம் கொண்டுவருகிற புருசனை ஊரில் விரல்விட்டு எண்ணலாம். குடி இல்லை, அடி இல்லை, பெண்சாதியை ஒரு சொல் கடிந்து சொன்னதில்லை. வருவார், கிணற்றுக்கட்டைப் பூசுவார், வேலி அடைப்பார், விறாந்தையில் படுப்பார், நாலாம் நாள் போவார்.

"மட்றாசிலை பதினெட்டு நாள் ஆசுபத்திரி வாசலிலை படுத்துக் கிடந்தவர். நான் செத்துப்போடுவன் எண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதவர். ஊருக்கு வந்த அண்டைக்கு, இவருக்குக் காட்டுவம் எண்டு சட்டையைக் கழட்டினன். விளக்கை நூத்துப்போட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்திட்டார்." பிறகு, நான் அந்த மனுசனைத் தப்பாக நினைத்துவிடுவேனோ என்று அவசரமாக, "அவர் கூடாதவரில்லை ரீச்சர். பயந்தவர்," என்றார்.

இந்த வருசம் வைகாசியில் மட்றாசிலிருந்து ஒரு கடித உறை வந்தது. ஐந்து மாதம் எங்கெங்கோ அலைந்து, ஒரு பக்கம் பிரித்து ஒட்டப்பட்டு வந்து சேர்ந்தது. டொக்டர் தமிழில் ஒரு சின்னக் கடிதமும், ஆங்கிலத்தில் இருபத்திரண்டு கேள்வி கொண்ட ஒரு படிவமும் வைத்திருந்தார். தான் இந்தச் சத்திரசிகிச்சை செய்த முப்பத்தொரு பெண்களும் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று அறிய விரும்புவதாகவும், அவர்களில் இலங்கைக்காரி கமலாவதி அம்மா ஒருவர்தான் என்றும், உங்கள் பதில் எனக்கு முக்கியம் என்றும் எழுதியிருந்தார். அந்தக் கடைசி வரியைக் கமலாக்கா என்னை மூன்று தரம் வாசிக்கச் சொன்னார். நான் வாசிக்க வாசிக்க, மாக்கையைச் சேலையில் துடைத்துத் துடைத்து நின்றார். இவ்வளவு தூரத்தில் இருக்கிற ஒருவருக்குத் தன்னுடைய பதில் முக்கியம் என்பது அவருக்கு நம்பமுடியாத புதினமாக இருந்தது.

எங்கள் பள்ளிக்கூடத்துத் தம்பிராசா மாஸ்டர் வருகிற ஞாயிற்றுக்கிழமை கிளாலியால் கொழும்புக்குப் போக இருந்தார். அவர் கையில் கொடுத்துவிட்டால் அங்கிருந்து தபாலில் போகும். அவரை விட்டால் எப்போது யார் போவார்கள் என்று சொல்லமுடியாது. ஆகவே வியாழக்கிழமை பின்னேரம் படிவத்தோடு கமலாக்காவின் குசினியில் உட்கார்ந்தேன்.

ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து பெட்டி. மிகவும் திருப்தி, திருப்தி, பரவாயில்லை, திருப்தியில்லை, அறவே திருப்தியில்லை.

"திருப்தியோ எண்டு பந்தியிலை கேக்கிற மாதிரிக் கேக்கிறார். ஏன் அஞ்சு? மூண்டு காணுமே," என்றார். பிறகு தன்னுடைய மூன்றையே சொன்னார். எந்தப் பெட்டி என்று நான் பொருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

உடை உடுக்கும்போது எப்படி? "முதலாம் அரிப்பு. சட்டைக்கு ரெண்டு பக்கமும் ஒரே அளவு துணி. அது சின்னக் காரியமில்லை."

கையின் பலம்? "கப்பி. வலக்கையாலை உலக்கை பிடிக்கேலாது, தண்ணி அள்ளினா உளையுது. அதை ஒளிக்காமல் எழுதுங்கோ. பேந்து வாற பெண்டுகளுக்கு அவர் முதலே சொல்லவேணும்."

முதுகில் உள்ள தழும்பு? "அதை நான் எப்பிடிப் பாக்கிறது? கழுத்து என்ன ஆந்தைக் கழுத்தே?" அந்தக் கேள்விக்கு ஒரு பெட்டியும் வேண்டாம் என்றுவிட்டார்.

தோற்றம்? "ரெண்டாம் அரிப்பு. முதுகுத் தோல் ஒரு பொட்டுக் கறுப்பு, ஓடம் மாதிரி ஒரு துண்டு தனியாத் தெரியும். வேலையும் முடியேல்லை. அது அவரிலை பிழையில்லை, நான் கப்பலைக் கண்டிட்டு ஓடி வந்தனான் எண்டு எழுதுங்கோ."

மறுபடி ஒருமுறை முடிவெடுக்க வேண்டிவந்தால் இதையே செய்வீர்களா? அடுப்பில் விறகைத் தள்ளினார். "ஓம். குளிக்கேக்கை குனிஞ்சு பாத்தா அங்கை பள்ளம் இல்லை. ஏதோ ஒண்டு இருக்கு. ஓம் எண்டு போடுங்கோ."

அடுத்து பதினாலாவது கேள்வி. உங்கள் கணவரோ உங்களுக்கு நெருங்கியவர்களோ பார்த்துவிட்டு என்ன அபிப்பிராயம் சொல்கிறார்கள்?

நான் வாசித்துவிட்டுத் தலையை நிமிர்த்தவில்லை. இதற்கு மட்டும் ஐந்து பெட்டிக்கும் பக்கத்தில் ஆறாவதாக ஒரு பெட்டி இருந்தது. "பொருந்தாது எண்டு ஒண்டு கிடக்கக்கா. அதிலை போடுறன்."

"அப்பிடியெண்டா?"

"அப்பிடி ஒண்டு நடக்கேல்லை எண்டு அர்த்தம்."

"நடந்திருக்க வேணுமெல்லோ?" என்றார் மெதுவாக. "மெனக்கெட்டுச் செய்து தந்த மனுசன் ரீச்சர். ஆறு மணித்தியாலம் நிண்ட நிலையிலை நிண்டு செய்தவராம். ஏழு வருசமா ஒருத்தரும் பாக்கேல்லை எண்டு எழுதினா அந்தாளின்ரை மனம் என்ன பாடுபடும்?" பிறகு, "நீங்கள் படிச்சனீங்கள். நீங்கள் பாத்துச் சொல்லுங்கோவன்," என்றார். சொல்லிக்கொண்டே கை, சட்டையில் பொத்தானுக்குப் பதிலாகக் குத்தியிருந்த முதல் ஊசியில் போயிற்று.

நான் எழும்பிவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், பதறிப்போய் எழும்பினேன். "வேண்டாமக்கா, வேண்டாம், சும்மா நல்லது எண்டு போடுறன். ஆருக்குத் தெரியப்போகுது?"

கை ஊசியிலிருந்து இறங்கியது. "பாக்காமல் எப்பிடிப் போடுவியள்?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கோபமே இல்லை. படிவத்தை என் கையிலிருந்து வாங்கி, மடித்து, மாப்பேணிக்குக் கீழே வைத்தார். "எழுதாட்டி விடுங்கோ. பொய் எழுதி அனுப்பேலாது." அன்றிரவு எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. வகுப்பில் நாற்பது பேருக்கு வாய் கிழியக் கதைக்கிறவள், ஒரு மனுசியின் உடம்பைப் பார்க்கப் பயந்து எழும்பி ஓடினேன். தில்லைநாதன் விளக்கை நூர்த்ததற்கும் நான் எழும்பியதற்கும் என்ன வித்தியாசம்?

சனிக்கிழமை காலை மன்னிப்புக் கேட்கவென்று போனேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் கிணற்றடியில் நின்று காகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் கொழும்புத்துறையிலிருந்து கத்தரீனாக்கா மீன் கடகத்தோடு வந்தார். கத்தரீனாக்காவுக்கு அறுபது வயதுக்கு மேல். குரல் கரையில் நின்று கடலுக்குக் கூப்பிடுகிற குரல். சனிக்கிழமைகளில் ஒரு கூறு திரளியோ நண்டோ தந்துவிட்டு, பதிலுக்குப் புட்டுமா வாங்கிப் போவார். கடகத்தை இறக்கி, "எடி பிள்ளை கமலா, இண்டைக்கு றால் கொஞ்சம் கிடக்கு," என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. வானத்தில் பொம்பர் இரைந்தது.

முற்றத்தில், வேப்பமரத்தடியில் பனங்குற்றி போட்டு மூடிய பங்கர் இருக்கிறது. கமலாக்கா எப்போதும் முதலில் இறங்கி, வலப்பக்கத்தை மண்சுவரோடு ஒட்டிக்கொண்டு மூலையில் இருப்பார். பிறகுதான் மற்றவர்கள். அன்று கத்தரீனாக்கா எங்கள் இருவரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு முதல் ஆளாக இறங்கி அந்த மூலையைப் பிடித்துவிட்டார். கமலாக்காவுக்கு வேறு இடமில்லை. வலப்பக்கம் முழுக்கக் கத்தரீனாக்காவின் தோளில் நெரிபட, நடுவில் இருந்தார். நான் வாசலில்.

பொம்பர் ஒருமுறை சுற்றியது. மேலேயிருந்து மண் கொட்டியது. கத்தரீனாக்கா, "மாதாவே, மாதாவே," என்று செபமாலையைப் பிடித்திருந்தவர், சட்டென்று நிறுத்தினார்.

"எடி பிள்ளை, உள்ளுக்கு என்ன வைச்சிருக்கிறாய்? பஞ்செண்டெல்லோ ஊர் சொல்லுது. பஞ்சு இப்பிடிச் சூடாய் இருக்குமே?"

"பஞ்சில்லை அக்கா. என்ரை சதை."

"விசர்க்கதை கதைக்காதை. வெட்டினதெண்டா எங்காலை வரும்?"

"முதுகாலை எடுத்து முன்னுக்கு வைச்சது."

பொம்பர் இரண்டாம் சுற்று வந்தது. எங்கோ அந்தப்பக்கம், நாவற்குழித் திசையில், குண்டு விழுந்த சத்தம். கத்தரீனாக்கா சிலுவை போட்டார். "மாதாவே! எடி கெதியாச் சொல்லு. குண்டு விழுந்து செத்தா இதை அறியாமலெல்லோ நான் போகவேண்டி வரும்."

எனக்கு அந்த இடத்திலும் சிரிப்பு வந்தது. கமலாக்காவும் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

சத்தம் ஓய்ந்து வெளியே வந்ததும் கத்தரீனாக்கா மீன் கடகத்தைப் பார்க்கவில்லை. காகம் ஒரு றாலைத் தூக்கிக்கொண்டு போனது. அதையும் பார்க்கவில்லை. கமலாக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே குசினிக்குப் போனார். "எங்கை, காட்டு பாப்பம்."

"மெய்யே அக்கா? பாப்பியளோ?"

"பின்னை? முலையைக் காணாதவளே நான்? எட்டுப் பிள்ளைக்குக் குடுத்தனான். கழட்டடி."

கமலாக்கா என்னைப் பார்த்தார். இந்த முறை நான் எழும்பவில்லை. மாப்பேணியைத் தூக்கி அடியிலிருந்த படிவத்தை எடுத்தேன், கதவைச் சாத்தினேன். அரைச்சுவருக்கு மேலால் வெயில் தாராளமாக உள்ளே வந்தது. அவர் பலகைக்கட்டையில் உட்கார்ந்து ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஐந்து ஊசி.

நானும் பார்த்தேன். பயங்கரமாக ஒன்றுமில்லை. மற்றதை விடக் கொஞ்சம் உயர்ந்து, உருண்டு, காம்பில்லாமல் இருந்தது. நடுவில் கறுப்பாக ஒரு துண்டுத் தோல். சுற்றிவர மெல்லிய கோடு. ஐந்து வருசமாக வேலியைப் பார்த்து நிற்க வைத்தது இவ்வளவுதான்.

கத்தரீனாக்கா குனிந்து, சந்தையில் பாரைமீனின் செவுளைப் பார்ப்பதுபோல மிக அக்கறையாகப் பார்த்தார். அந்தப் பக்கம் போய் முதுகைப் பார்த்தார். திரும்பி வந்தார். "என்ரை மனுசன் யாகோப்பு ஐம்பது வருசமா வலை பொத்துறார். அவர் பொத்தினாலும் இப்பிடி நேரா வராது. ஆரடி தைச்சது? நல்ல கைக்காரன். வடிவாத்தான் கிடக்கு." பிறகு கையைச் சேலையில் இரண்டு தரம் துடைத்துவிட்டு, கேட்காமலே, உள்ளங்கையை விரித்து அந்தக் கறுத்த துண்டின்மேல் வைத்தார்.

கமலாக்கா திடுக்கிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் ஒருவரும் இல்லை. கரி பிடித்த சுவர்தான்.

"என்னடி, நோகுதோ?"

"இல்லையக்கா." மறுபடி முன்னுக்குத் திரும்பினார். "முதுகிலை ஆரோ கை வைச்ச மாதிரிக் கிடக்கு. நீங்கள் முன்னுக்குத் தொடுறியள், எனக்குப் பின்னாலை தெரியுது. முதுகுத் தோலெல்லோ அது. நானே தொடேக்கை ஒருநாளும் இப்பிடித் தெரியேல்லை."

"கோதாரி! அப்ப எடுக்கட்டோ?"

கமலாக்கா எடுக்க விடவில்லை. இடக்கையால் கத்தரீனாக்காவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு, "அக்கா, பதினாலுக்கு எந்தப் பெட்டி?" என்று கேட்டேன். அது அவர் காதில் விழவில்லை. கண்ணை மூடி, பின்னால் யாரோ இருக்கிறார் என்பதுபோல, மெதுவாக முதுகைச் சாய்த்தார்.